அடித் தண்ணீர்

படகுத்துறையில் அன்று காலை இருந்தவர்கள்: நீர் ஆய்வு நிலையத்தின் தலைவி, எல்லாருக்கும் மேடம். அவருக்குக் குடை பிடித்த குமாஸ்தா. மழை நின்று வெகுநேரமாகியும் குடையை மடக்க அவருக்கு மனம் வரவில்லை. ஏரியில் கெண்டை வளர்க்கும் பண்ணைக்காரர். செத்த மீன் ஒன்றைச் சாட்சிக்காகப் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மதகுக் கதவைத் தூக்கி இறக்கும் ஆள், பட்டப்பெயர் ஷட்டர். தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றுவிட்ட அவன் மனைவி. அவளுடைய அண்ணன், தண்ணீரை அளக்கிறவன், பட்டப்பெயர் மீட்டர்.

இவர்களோடு, மீட்டரின் கையிலிருந்த கேபிளின் நுனியில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு ஈயக் குண்டு. அது முந்தின நாள்தான் தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. இந்த விஷயம் மீட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. கலக்கும் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. ஆற்றுத் தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பெண்டாட்டி ஒரே கட்டிலில் கிடப்பது மாதிரி, நல்ல தண்ணீர் மேலே ஓடும், உப்புத் தண்ணீர் அடியில் ஆப்பு போல நுழைந்து கிடக்கும். கடல் ஏறும்போது அந்த ஆப்பு ஆற்றுக்குள் ஏறிவரும், வற்றும்போது பின்வாங்கும். கரையில் நிற்பவனுக்கு இதெல்லாம் தெரியாது. கையில் அள்ளிக் குடித்தால் தித்திக்கும். அதே இடத்தில் ஆளுயரத்துக்குக் கீழே கடல் நண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

படகுத்துறைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கால்வாய் ஏரிக்குப் போகிறது. அதன் வாயில் இரும்புக் கதவு. கைப்பிடியைச் சுற்றினால் கதவு மேலே ஏறும். ஏறினால் முதலில் உள்ளே பாய்வது அடித் தண்ணீர்தான். அதனால் நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு: அடியில் அளந்து, நல்ல தண்ணீர் என்று உறுதியான பிறகுதான் கதவைத் தூக்க வேண்டும். மீட்டர் அளந்து போனில் சொல்வான், ஷட்டர் தூக்குவான். மச்சான் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை கதவைத் திறப்பான் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள்.

போன வாரம் அப்படித்தான் வாயும் திறந்தது, கதவும் திறந்தது. உள்ளே போனது உப்பு.

உப்புத் தண்ணீர் ஏரியின் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. நல்ல தண்ணீர் அதன்மேல் மூடி போட்ட மாதிரி நின்றது. கீழே காற்று இறங்க வழியில்லை. முதலில் மட்டிகள் வாய் பிளந்தன. நத்தைகள் கோரைத் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறின. பெருங்காற்று அடித்த ஒரு மத்தியானம் அடித் தண்ணீர் புரண்டு மேலே வந்தது. கெண்டைகள் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் ஏரி முழுக்க வெள்ளை வயிறுகள். செத்தவற்றின் நடுவே துள்ளிக்கொண்டிருந்தவை மடவைகள் மட்டும். மடவைக்கு உப்பும் ஒன்றுதான், நல்ல தண்ணீரும் ஒன்றுதான். அது ஏரி மீன் இல்லை, முகத்துவாரத்து மீன். மடவையைப் பார்த்ததுமே உப்பு எந்த வழியாக வந்தது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யாரால் வந்தது என்பதுதான் பாக்கி.

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கூட்டம்.

"மேடம், இந்த மீன ஒரு தடவ மோந்து பாருங்க" என்றார் பண்ணைக்காரர்.

"வேண்டாங்க. இங்க வரைக்கும் வருது."

"வரட்டும். எனக்கு ஒரு வாரமா வருது. ராத்திரி வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரி வாசல்லயே நிறுத்தி வாளித் தண்ணிய ஊத்தறா. யாராவது ஒருத்தன் பதில் சொல்லியே ஆகணும்."

"சொல்லுவாங்க. முதல்ல மீட்டர் சரியா வேல செய்யுதான்னு பாத்துருவோம்."

மீட்டர் குனிந்து கேபிளைப் பிரித்தான்.

அளக்கும் கருவி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேபிளின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கூண்டு, கூண்டுக்குள் சென்சார், கூண்டுக்கு அடியில் ஒரு கொக்கி, கொக்கியில் ஈயக் குண்டு. குண்டு இருந்தால் கூண்டு நேராக அடிக்குப் போகும். இல்லாவிட்டால் தக்கை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு மீட்டரும் ஷட்டரும் பாலத்தடியில் தூண்டில் போடப் போனார்கள். ஆறு நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. போட்ட தூண்டிலையெல்லாம் இழுத்துக்கொண்டு போயிற்று. மீட்டர் கருவி அறைக்குப் போய்க் குண்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"எங்க மச்சான் சுட்டீங்க இத?"

"சுடறதாவது. ஸ்டோர்ல சும்மா கெடந்துச்சு."

ஷட்டர் தன் நீல நைலான் நரம்பை அதில் கட்டினான். அவன் போடும் முடிச்சு தனி தினுசு. சுற்று மேல் சுற்றாகச் சுற்றி உருண்டையாக முடிவான், அவிழ்க்கவே முடியாது.

"என் தங்கச்சி கொண்டைய விடப் பெருசா இருக்கேடா" என்றான் மீட்டர்.

"உங்க தங்கச்சி கொண்டைல பாதி சவுரி. இது அசல்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒரு கெளுத்தி மாட்டியது. குண்டு மீட்டரின் தூண்டில் பையில் கிடந்து அவன் வீட்டுக்குப் போயிற்று.

மறுநாள் காலை படகுத்துறையில் கேபிளை இறக்கப் போகும்போதுதான் கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்தான். வீடு கூப்பிடு தூரம். ஆனால் தூறிக்கொண்டிருந்தது, பசித்தது, இன்றைக்கு ஒரு நாள்தானே என்றும் இருந்தது. இறக்கினான். கேபிள் பட்டத்து நூல் மாதிரி ஆற்றின் போக்கில் சாய்ந்துகொண்டு போயிற்று. கேபிள் சாய்ந்தால் அளவு பொய் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் அவன்தான். இன்னும் கொஞ்சம் கேபிளை விட்டு, அடிக்குப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது போகவில்லை. மேல்தண்ணீரில் மிதந்துகொண்டே உப்பே இல்லை என்று காட்டியது. கடற்காற்று அன்று எதிர்த்து வீசிக்கொண்டிருந்தது. அடியில் ஆப்பு பின்வாங்காமல் அப்படியே கிடந்தது. மீட்டர் போனை எடுத்தான்.

"நல்ல தண்ணி. தூக்கு மாப்பிள்ளை."

அவ்வளவுதான் நடந்தது. பெரிய குற்றங்களைச் செய்கிறவர்கள் ராத்திரி உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள் என்கிறார்கள். இது பசியில், தூறலில், நின்றபடியே நடந்துவிட்டது.

மீன் மிதந்து, விசாரணை என்று ஆன பிறகு பையிலிருந்து குண்டை எடுத்து, நைலானை அரிவாள்மணையில் அறுத்துவிட்டு, பழைய கொக்கியில் மாட்டினான். முடிச்சு அவிழவில்லை. ஒரு விரற்கடை நீலம் குண்டின் காதில், கொக்கி மாட்டும் வளையத்தில், ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

இப்போது எல்லார் முன்னாலும் கேபிளை இறக்கினான். கொத்தனார் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக இறங்கியது.

"மேல நல்ல தண்ணி, மேடம்."

"இன்னும் விடுங்க."

"நடுவுல கொஞ்சம் கரிக்குது."

"அடிக்குப் போங்க."

திரையில் எண் கிடுகிடுவென்று ஏறியது. மேடம் எட்டிப் பார்த்தார். குமாஸ்தாவும் குடையோடு எட்டிப் பார்த்தார். குடைக் கம்பி பண்ணைக்காரரின் காதில் இடித்தது.

"யோவ், மீன்தான் செத்துச்சு, நானுமா?"

"சும்மா இருங்க" என்றார் மேடம். "அடியில கடல் தண்ணி. மீட்டர் அத அழகாப் பிடிக்குது. அப்போ அன்னைக்கு அடியில உப்பு இருந்திருந்தா அன்னைக்கும் பிடிச்சிருக்கும். பிடிக்கல. நல்ல தண்ணின்னுதான் காட்டியிருக்கு. அளந்தப்ப இல்லாத உப்பு, கதவத் தூக்கினப்ப இருந்திருக்குன்னா, நடுவுல கடல் ஏறியிருக்கு. எத்தன நேரம் கழிச்சுத் தூக்கின, ஷட்டர்?"

"மச்சான் போன வெச்ச கையோட தூக்கினேன் மேடம்."

"போன வருஷமும் இதத்தான்யா சொன்ன" என்றார் பண்ணைக்காரர். "அப்புறம் தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்ட."

அது உண்மை. போன வருஷம் ஷட்டர் தூங்கித்தான் போனான். மகளுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் கண் விழித்ததில் கைப்பிடியின்மேலேயே தலை வைத்துவிட்டான். நல்லவேளையாக அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் கொட்டாவி விட்டால்கூட ஆபீஸே திரும்பிப் பார்க்கும்.

"இந்தத் தடவ தூங்கல மேடம். சத்தியமா."

அப்போதுதான் மீட்டரின் தங்கை வாயைத் திறந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"எங்கண்ணன் அளவு தப்பாது மேடம். சின்ன வயசுலயே காப்படிச் சக்கரைய எறும்பு கணக்கா அளந்து போடும். அது நல்ல தண்ணின்னு சொன்னா நல்ல தண்ணிதான்."

மீட்டர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சருகு மேல்தண்ணீரில் கடலைப் பார்த்துப் போயிற்று. அதற்குக் கீழே என்ன எந்தப் பக்கம் போகிறது என்று அந்தச் சருகுக்குத் தெரியாது.

"சரி, கேபிள மேல எடு" என்றார் மேடம் ஷட்டரிடம்.

ஷட்டர் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான். கூண்டு மேலே வந்தது, குண்டு மேலே வந்தது. அதைப் பிடித்து நிறுத்தப் போனவனின் விரல் குண்டின் காதில் நின்றுவிட்டது. நீல நைலான், உருண்டை முடிச்சு. தான் போட்ட முடிச்சைத் தானே தெரிந்துகொள்ள ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அவன் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் பஸ் வருகிற திசையைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். வரும் என்று நம்பிப் பார்த்தான்.

மீட்டர் சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. மேடம் இருந்தார், பண்ணைக்காரர் இருந்தார், கேட்கக் காதுகள் தயாராக இருந்தன. ஆனால் தங்கையும் இருந்தாள், எறும்பும் சர்க்கரையுமாக. மீட்டர் குனிந்து, ஏற்கெனவே அணைத்திருந்த திரையை மறுபடியும் அணைத்தான்.

ஷட்டர் குண்டை வாய்க்கருகே கொண்டுபோய் முடிச்சைப் பல்லால் கடித்துப் பிய்த்தான். ஆற்றில் துப்பினான்.

"என்னது?" என்றார் மேடம்.

"பாசி மேடம்." பிறகு, கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "கண்ணசந்திருப்பேன் போல. சரியா ஞாபகம் இல்ல."

தேநீர்த் தட்டு படகுத்துறைப் பலகையில் ணங்கென்று விழுந்தது. அவன் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருத்தரையும் பார்க்காமல் மதகடிக் குவார்ட்டர்ஸைப் பார்த்து நடந்துவிட்டாள்.

*

மத்தியானம் மீட்டர் மதகுக்குப் போனான். ஷட்டர் கைப்பிடியின் மரைக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். வேலை போன பிறகும் கிரீஸ் தடவுகிறான்.

"மாப்பிள்ளை."

"ம்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்ல? குண்டு இல்லாம அளந்தாருன்னு சொன்னா, இந்தா தொங்குதே குண்டுன்னுவாங்க. தூங்கினவன் பேச்சு எந்த ஊர்ல மச்சான் எடுபட்டிருக்கு? அதுல அவ வேற நடுவுல நின்னு உங்கள ஆகாசத்துல தூக்கி வெச்சா. அங்கருந்து உங்கள நான் எப்படி இறக்கறது?"

"நான் மேடத்துக்கிட்ட பேசறேன்."

"பேசுங்க. யார் வேண்டாம்னது?" கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்தான். "அங்கயே பேசுவீங்கன்னு பாத்தேன். அவ்ளோதான்."

மீட்டர் நேராக மேடத்தின் அறைக்குப் போனான். உண்மையாகவே சொல்லத்தான் போனான். அறையில் சுவர் நெடுக ஜாடிகள், ஜாடிகளில் ஸ்பிரிட்டில் ஊறும் மீன்கள், எல்லாவற்றுக்கும் வெந்த கண்கள். மேடம் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன மீட்டர்?"

"அன்னைக்கு அளக்கும்போது ஆத்துல இழுப்பு ஜாஸ்தி மேடம். கேபிள் கொஞ்சம் சாஞ்சிருக்கலாம்."

மேடத்தின் பேனா நின்றது.

"சாஞ்சுதா, சாஞ்சிருக்கலாமா?"

அவன் கட்டைவிரலால் மேசை விளிம்பைத் தேய்த்தான்.

"சாஞ்சிருந்தா நான் தெரிஞ்சுக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. கேபிள் சாஞ்சது தெரிஞ்சும் நீங்க அளவு குடுத்தீங்கன்னா, இத்தன வருஷமா நீங்க குடுத்த ஒரு அளவையும் நான் நம்ப முடியாது. எல்லாத்தையும் புரட்டிப் பாக்கணும். உங்களையும் வெச்சுக்க முடியாது. அதனால ஒரு தடவதான் கேக்கறேன். சாஞ்சுதா?"

மேடத்துக்குப் பின்னால் ஒரு ஜாடியில் விலாங்கு ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடந்தது. மீட்டர் அதைப் பார்த்தபடி சொன்னான்:

"இல்ல மேடம். பொதுவாச் சொன்னேன்."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். முகம் இளகியது.

"தங்கச்சி வீட்டுக்காரருக்காகப் பேச வந்திருக்கீங்க. புரியுது. உங்களுக்கு நல்ல மனசு, மீட்டர்."

வெளியே வந்ததும் குழாயடியில் முகத்தைக் கழுவினான். கையில் அள்ளிய தண்ணீரைக் கொஞ்சம் குடித்தும் பார்த்தான். நல்ல தண்ணீர்தான்.

*

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்று மீட்டரும் போயிருந்தான். சாவியை வாங்கி, புது ஆள் வரும்வரை வைத்திருக்கச் சொல்லி மேடத்தின் உத்தரவு. மதகை ஒட்டிய இரண்டே அறை. ஒரு சன்னலில் ஆறு, இன்னொரு சன்னலில் கால்வாய். சுவரில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. டிரைவர் இறங்கி உதவுவதாக இல்லை, பல் குத்திக்கொண்டிருந்தான்.

ஷட்டர் பீரோவை முதுகில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனான். மீட்டர் மெத்தைச் சுருட்டைத் தூக்கப் போனான்.

"நீ விடுண்ணே" என்றாள் தங்கை. "இடுப்புப் பிடிச்சுக்கும். அவரே தூக்கட்டும். தூங்கறவருக்குத்தான் மெத்தையோட அருமை தெரியும்."

"விடும்மா. ஆனது ஆச்சு."

"எப்படிண்ணே விடறது? நீ ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி வாங்கிக் குடுத்த வேல. உன் மூஞ்சியில கரியப் பூசிட்டாரே. நாளைக்கு அங்க நீ எந்த முகத்தோட போயி நிப்ப?"

ஷட்டர் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவே நடந்து போனான். அவன் ஏதாவது பேசினால் தேவலை என்று மீட்டருக்கு இருந்தது. திட்டினால் இன்னும் தேவலை.

"பாப்பா" என்றான் மீட்டர். சின்ன வயதில் கூப்பிட்ட பேர், எப்போதாவதுதான் இப்போதெல்லாம் வரும். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் பாத்திர மூட்டையை முடிந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"வேற எங்கயாவது வேல பாத்துத் தரேன்னு சொல்லப் போற. அதானே? வேண்டாம்ணே. கொஞ்ச நாள் கஷ்டப்படட்டும். உன் தலைல எல்லாத்தையும் ஏத்தி ஏத்தித்தான் அவருக்குப் பொறுப்பே வரல." முடிச்சை இறுக்கிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "என்ன, அதானே?"

வாசலில் ஷட்டர் நின்றிருந்தான். அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அதே பார்வை, பஸ் ஸ்டாப் பார்வை. ஆனால் இந்தத் தடவை அதில் நம்பிக்கை இல்லை. கடைசி வண்டியும் போய்விட்டது தெரிந்து, வீட்டுக்கு நடக்கும் முன்னால் பழக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறவனின் பார்வை.

"அதான்" என்றான் மீட்டர்.

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அறை காலியாகியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஷட்டரின் தூண்டில் கம்பும், நீல நைலான் நரம்பு சுற்றிய கட்டையும் கிடந்தன.

"இது, மாப்பிள்ளை?"

"நீங்களே வெச்சுக்கங்க மச்சான். போற இடத்துல ஆறு இல்ல." சாவியை எடுத்து நீட்டினான். கை கொடுப்பது மாதிரியெல்லாம் இல்லை. குமாஸ்தாவிடம் கோப்பு கொடுப்பது மாதிரி நீட்டினான். "பின் கதவுத் தாழ்ப்பாள் இறுகல. புது ஆளுகிட்டச் சொல்லிருங்க. அப்புறம் கைப்பிடிக்கு வாராவாரம் கிரீஸ் போடணும். இல்லன்னா கதவு பாதியில நின்னுரும்."

"சொல்றேன்."

"மறக்காமச் சொல்லுங்க."

அவன் படியிறங்கி, வேனின் பின்பக்கம் மெத்தைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து தங்கை தலையை நீட்டி, "நேரத்துக்குச் சாப்பிடுண்ணே" என்றாள்.

தூண்டில் கம்பும் நைலானும் உள்ளே கிடந்த இடத்திலேயே கிடந்தன. மீட்டர் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினான். சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். விழுந்திருந்தது.